டெனிசன் கெண்டை

டெனிசன் கெண்டை (சஹ்யாத்ரியா டெனிசோனி) என்பது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்கு நோக்கிப் பாயும் ஆறுகளில் வாழும் நன்னீர் மீன் ஆகும். மீன் வளர்ப்போரிடையே இது 'மிஸ் கேரளா' என அறியப்படுகிறது. வெள்ளி நிற உடலில் மூக்கிலிருந்து செல்லும் சிவப்புக் கோடும், அதற்குக் கீழே வால்வரை நீளும் கருங்கோடும் இதன் அடையாளங்கள். இந்த அழகே இதனை உலகெங்கும் வீட்டு மீன்தொட்டிகளுக்குக் கொண்டு சென்றது. ஆறுகளில் அருகச் செய்ததும் அதுவே.

கண்டறிதல்

போடிநாயக்கனூருக்கு மேற்கே ஏலமலை உயர்கிறது. அதன் கிழக்குச் சரிவின் நீர் கொட்டகுடி ஆறு வழியாக வைகையை அடைகிறது. இம்மீன் அந்தப் பக்கத்துக்கு உரியதன்று. மலையின் மேற்கு அடிவாரத்தில், மணிமலை ஆற்றங்கரையில் உள்ள முண்டக்கயத்தில் கிடைத்த மீன்களைக் கொண்டு பிரான்சிசு டே 1865 இல் இவ்வினத்தை விவரித்தார். அவர் சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்தவர். 1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரை இதற்குச் சூட்டினார்.

வணிகம்

1997 இல் சிங்கப்பூரில் நடந்த அக்வாரமா கண்காட்சியில் புதிய இனங்களுக்கான பிரிவில் இம்மீன் மூன்றாம் இடம் பெற்றது. அதன்பின் வெளிநாடுகளில் தேவை பெருகியது. அப்போது பண்ணை வளர்ப்பு இல்லாததால் விற்பனைக்கான மீன்கள் ஆறுகளிலிருந்தே பிடிக்கப்பட்டன. கூட்டமாக நீந்தும் இயல்புடையதால் ஒரே வலைவீச்சில் பல மீன்கள் அகப்பட்டன.

கட்டுப்பாடும் பிழையும்

கேரள அரசு 2008 இல் இம்மீனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. சூன், சூலை, அக்டோபர் ஆகிய மாதங்கள் தடைக்காலமாக அறிவிக்கப்பட்டன. ஆனால் இம்மீன் அக்டோபர் முதல் மார்ச் வரை இனப்பெருக்கம் செய்வதைப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. எனவே முட்டையிடும் மாதங்களில் அக்டோபர் தவிர மற்றவை தடைக்கு வெளியே இருந்தன. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இதனை அருகிய இனமாக வகைப்படுத்தியுள்ளது.

செயற்கை இனப்பெருக்கம்

கொச்சியை அடுத்த பனங்காடு மீன்வளக் கல்லூரியில் இயக்குநீர் ஊசி மூலம் இம்மீனை இனப்பெருக்கம் செய்யும் முறை உருவாக்கப்பட்டது. தென்கிழக்காசியப் பண்ணைகளும் இதனை வளர்த்து விற்கின்றன. இதனால் இன்று ஆற்று மீனைத் தொடாமலே இதனை வீட்டில் வளர்க்க முடிகிறது. எனினும் குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த ஓடும் நீருக்குப் பழகிய இனம் என்பதால், நீரோட்டம் உள்ள நீளமான தொட்டியும் கூட்டமாக வாழ இடமும் இதற்குத் தேவை.