வட்டுக்கோட்டைச் செமினரியும் இரவற் பெயர்களும்

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியை மதப்பள்ளியென்று மட்டும் கூறி அமைவது நம்மவர் வழக்கம். டானியல் பூவர் தலைமையேற்ற அக்கல்விக்கூடத்தில் ஆங்கிலம், கணிதம், வானவியல் என்பவற்றோடு தமிழும் முறையாகப் பயிற்றப்பட்டது. மாணாக்கர் அங்கேயே உண்டு உறைந்து கற்றனர். அவர்களுட் பலருக்கு, செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயர்களே இடப்பட்டன. வீட்டில் ஒரு பெயர், இடாப்பில் வேறொரு பெயர். உண்ட சோற்றுக்கு இது சிறு விலையன்று. 1841இல் தோன்றிய 'உதயதாரகை'யின் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்பார். பெயரளவில் வெள்ளையர், இருவரும் தமிழரே.

ஆங்கிலங் கற்றோர் ஊழியத்தை விடுத்து உத்தியோகம் நாடுகின்றனர் என்பது மிஷன் மேலிடத்தின் மனக்குறை. 1855இல் ரூபஸ் அண்டர்சன் வந்து பார்வையிட்டபின் செமினரி மூடப்பட்டது. அவர்தம் கணக்கில் அது நட்டம். நம் கணக்கோ வேறு. அங்குக் கற்ற ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' தந்தார்; இரு பெயரையும் அவர் விடவில்லை. மற்றொரு மாணாக்கரான தாமோதரம்பிள்ளை சைவராய் வாழ்ந்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் பெயர்முன் நிற்கும் சி., வை. என்னும் எழுத்துகள் சிறுப்பிட்டியையும் தந்தை வைரவநாதரையும் குறிப்பன.