ஆக்சிலரேட்டரை விட்டாலே சுற்றிவிடும் கார்... போர்ஷே 911 வழிக்கு வந்தது எப்படி?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர கார் ரேஸில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது. அந்த அணி ஓட்டிய கார் போர்ஷே 911. இன்று ரேஸ் டிராக்கில் நம்பி ஓட்டப்படும் இதே 911, ஒரு காலத்தில் 'வளைவில் டிரைவரை ஏமாற்றும் கார்'னு பெயர் வாங்கியது. அதை மாற்றியது சஸ்பென்ஷனில் செய்த வேலைதான். அது என்னன்னு பார்க்கலாம்.

சிக்கல் எங்கே இருந்தது?

1963-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரில், எஞ்சின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் இருந்தது. மொத்த எடையில் சுமார் 60 சதவீதம் பின்பக்கம். சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு வேகமாகத் திரும்பினால் பின்பக்கம் வெளியே தள்ளும் இல்லையா? அதே கதைதான் இங்கேயும்.

வளைவில் வேகம் அதிகமாகிவிட்டதுன்னு தோன்றினால் யாராக இருந்தாலும் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம். அப்போது எடை முன்பக்கம் சாய்கிறது. பின் டயர்கள் மீதான அழுத்தம் குறைந்து பிடி தளர்கிறது. பின்பக்கம் வெளியே வழுக்கி, கார் சுற்றிவிடும். அதாவது, பயத்தில் இயல்பாகச் செய்யும் காரியமே ஆபத்தில் முடியும்.

அண்டர்ஸ்டீர், ஓவர்ஸ்டீர்னா என்ன?

முன் டயர்கள் முதலில் பிடியை இழந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் போதுமான அளவு திரும்பாமல் வளைவின் வெளிப்பக்கம் போகும். இது அண்டர்ஸ்டீர். பின் டயர்கள் முதலில் பிடியை இழந்தால் கார் தேவைக்கு மேல் திரும்பும். இது ஓவர்ஸ்டீர். இரண்டுக்கும் நடுவில் காரைக் கொண்டுவந்து நிறுத்துவதைத்தான் 'பேலன்ஸ்' என்கிறார்கள்.

போர்ஷே என்ன செய்தது?

ஆரம்பத்தில் கொஞ்சம் நாட்டு வைத்தியம்தான். முன் பம்பருக்குள் இரண்டு ஓரத்திலும் தலா 11 கிலோ எடையை வைத்தார்கள். 1969 மாடலில் எஞ்சினை அதே இடத்தில் விட்டுவிட்டு, பின் சக்கரங்களை மட்டும் பின்னோக்கி நகர்த்தினார்கள். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,211 மி.மீ.-லிருந்து 2,268 மி.மீ. ஆனது. வெறும் 57 மி.மீ. வித்தியாசம்தான். ஆனால் காரின் குணம் அடங்கியது. ஒரு பேட்டரிக்குப் பதில் இரண்டு சிறிய பேட்டரிகளை முன்பக்கம் வைத்ததும் இதே மாடலில்தான்.

பெரிய மாற்றம் வந்தது 1993-ல். '993' என்ற தலைமுறையில் பின் சக்கரங்களுக்குப் பல கைகள் கொண்ட மல்டி-லிங்க் சஸ்பென்ஷன் வந்தது. பழைய அமைப்பில், காலை எடுக்கும்போது பின் சக்கரத்தின் திசை லேசாக வெளிப்பக்கம் மாறும். புதிய அமைப்பு அதைக் கட்டுப்படுத்தியது.

செட்டிங்கில் எதை மாற்றினால் என்ன ஆகும்?

* டயர் காற்று: முதலில் பார்க்க வேண்டியது இதுதான். இது சரியில்லை என்றால் மற்ற எந்த செட்டிங்கும் பலன் தராது.

* ஆன்டி-ரோல் பார்: வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறைக்கும் கம்பி. எந்தப் பக்கம் இதைக் கடினமாக்குகிறோமோ, அந்தப் பக்கம் வெளி டயரில் அதிக பாரம் ஏறி, பிடி குறையும். எனவே பின்பக்கம் வழுக்கினால் பின் கம்பியை இளக்கலாம், அல்லது முன் கம்பியைக் கடினமாக்கலாம். முன்பக்கம் வழுக்கினால் இதற்கு நேர்மாறு.

* கேம்பர்: சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு. கொஞ்சம் சாய்த்தால் வளைவில் பிடி கூடும். அதிகமானால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும், நேர் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது பிடியும் குறையும்.

* டோ: சக்கரங்கள் பார்க்கும் திசை. பின் சக்கரங்கள் லேசாக உள்நோக்கி இருந்தால் கார் நிலையாக ஓடும்.

* டேம்பர்: நம்மூர் பேச்சில் ஷாக் அப்சார்பர். எடை எவ்வளவு வேகமாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. வளைவுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கார் நடந்துகொள்ளும் விதம் இதனால் மாறும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, குறித்துவைத்துக்கொள்வதுதான் முறை. மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்றே தெரியாது. பார்க்க அழகாக இருக்கும்னு ஸ்பிரிங்கை வெட்டி காரைத் தாழ்த்துவது டியூனிங் கிடையாது. சக்கரம் மேலும் கீழும் அசைய இடம் குறைந்து, மேட்டில் இடிக்கும்போது பிடியே போய்விடலாம்.

முழு பேலன்ஸ்தான் நல்லதா?

ரேஸ் டிரைவருக்கு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒன்றாகவே பிடியை இழக்கும் கார் பிடிக்கும். ஆனால் ரோட்டில் ஓடும் கார்களை, வேண்டுமென்றே முன்பக்கம் கொஞ்சம் முன்னதாக வழுக்கும்படிதான் தயாரிப்பு நிறுவனங்கள் அமைக்கின்றன. காரணம், அப்படி வழுக்கும்போது டிரைவர் பயந்து காலை எடுத்தால், எடை முன்பக்கம் வரும், முன் டயருக்குப் பிடி திரும்பும், காரும் வளைவுக்குள் வந்துவிடும்.

பழைய 911-ல் டிரைவரைத் தள்ளிவிட்ட அதே பயம், சரியாக செட் செய்த காரில் அவரைக் காப்பாற்றுகிறது. ரோட்டில் ஓடும் காருக்கு நல்ல சஸ்பென்ஷன் என்றால் அதுதான்.