கூட்டுநிதியும் ஒரு பலகை விளையாட்டின் வழக்கும்
பலர் சிறு தொகைகளை முன்கூட்டியே அளித்து ஒரு பொருளை உருவாக்கத் துணைநிற்கும் கூட்டுநிதி முறையில், ஆதரவாளர் எனப்படுவோர் பங்குதாரரும் அல்லர், கடையில் பொருள் வாங்குவோரும் அல்லர் என்பதால், திட்டம் முறியும்போது அவர்களின் உரிமை யாது என்பது நெடுநாள் தெளிவின்றி இருந்தது. அமெரிக்காவின் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 2012இல் 35,000 டாலர் கோரிய ‘தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி’ என்னும் பலகை விளையாட்டுக்கு 1,246 பேர் 1,22,000 டாலருக்கு மேல் வழங்கியிருந்தும், 2013 ஜூலையில் அது கைவிடப்பட்டதோடு, வாக்களித்தபடி பணமும் பெரும்பாலோர்க்குத் திரும்பாமையால் ஆதரவாளர்களின் பொறுமை சினமாக மாறியது. பின்னர் கிரிப்டோசோயிக் என்னும் வேறொரு நிறுவனம் விளையாட்டைத் தானே வெளியிட்டு அவர்களுக்கு விலையின்றி அனுப்பியது. நிதியின் பெரும்பகுதி திட்டத்தை நடத்தியவரின் வீட்டு வாடகை முதலிய சொந்தச் செலவுக்குப் போனதெனக் குற்றஞ்சாட்டிய அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், கூட்டுநிதி தொடர்பான தன் முதல் நடவடிக்கையாக அவர்மீது தொடுத்த வழக்கை 2015இல் உடன்பாட்டில் முடித்தது. எனினும், 1,11,000 டாலருக்கு மேற்பட்ட தீர்ப்புத் தொகை, அவருக்குச் செலுத்த வழியின்மையால் நிறுத்திவைக்கப்பட்டது.