606: ஒரு மஞ்சள் பொடியின் கதை

ஆர்சனிக் என்றாலே வெள்ளைப் பாஷாணம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சிஃபிலிஸ் என்கிற கிரந்தி நோய்க்கு ஓரளவாவது நம்பக்கூடிய முதல் மருந்து 1910-ல் வந்தது இந்த ஆர்சனிக்கிலிருந்துதான். அதுவரை பாதரசம்தான் கதி. நோய் போகிறதோ இல்லையோ, பல் ஆடிவிடும்!

இந்தக் கதை 1859-ல் தொடங்குகிறது. பிரான்சில் பெஷாம் என்பவர் அனிலினையும் ஆர்சனிக் அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கி ஒரு சேர்மம் எடுத்தார. சாதாரண ஆர்சனிக்கைவிட விஷம் குறைவு என்பதால் பின்னாளில் அதற்கு 'அடாக்ஸில்', அதாவது விஷமற்றது, என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் அப்படி. ராபர்ட் கோஹ் அதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் தூக்க வியாதிக்காரர்களுக்குக் கொடுத்தபோது சிலருக்குப் பார்வை நரம்பு கெட்டுக் கண்ணே போய்விட்டது.

கண்ணைக் கெடுக்காமல் கிருமியை மட்டும் கொல்ல வேண்டுமென்றால் மூலக்கூறை மாற்றியமைக்க வேண்டும். அதற்கு முதலில் அமைப்பு தெரிய வேண்டுமே! ஆர்சனிக் நைட்ரஜனோடு ஒட்டியிருக்கிறது என்பது பெஷாமின் கணக்கு. ஜெர்மனியில் பால் எர்லிக்கும் அவருடைய வேதியியலாளர் பெர்த்தைமும் இதை நம்பவில்லை. நைட்ரஸ் அமிலத்தோடு சேர்த்தபோது அடாக்ஸில் சாதாரண அனிலினைப் போலவே டயசோ வினை தந்தது. அப்படியானால் அமீன் தொகுதி கட்டுப்படாமல் இருக்கிறது; ஆர்சனிக் வளையத்தின் எதிர்ப்பக்கக் கார்பனில் இருக்கிறது. இது 1907-ல். அமீனைப் பிடியாக வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான புதுச் சேர்மங்களைச் செய்ய வழி திறந்தது.

இன்னொரு புதிரும் இருந்தது. அடாக்ஸில் உடம்புக்குள் கிருமியைக் கொல்லும், சோதனைக் குழாயில் கொல்லாது. உடம்பு அதை ஒடுக்கி, ஐந்து இணைதிறன் ஆர்சனிக்கை மூன்றாக மாற்றுகிறது என்று எர்லிக் ஊகித்தார். அந்த வேலையை ஆய்வகத்திலேயே செய்துவிட்டால்? வளையத்தில் நைட்ரோ, ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ள ஆர்சானிக் அமிலத்தைச் சோடியம் டைதயோனைட்டால் ஒடுக்கினார்கள். நைட்ரோ அமீனாக மாறியது, ஆர்சனிக்கும் ஆக்சிஜனை இழந்தது. கிடைத்த மஞ்சள் பொடிதான் 606. ஜப்பானிலிருந்து வந்த ஹாட்டா 1909-ல் அதை சிஃபிலிஸ் பிடித்த முயல்களில் சோதித்தார், புண்கள் ஆறின. 1910-ல் ஹோக்ஸ்ட் நிறுவனம் அதை 'சால்வர்சான்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் டாக்டர்களுக்குப் பெரும்பாடு. காற்றுப் பட்டால் பொடி ஆக்சிஜனேற்றம் அடைந்து விஷம் ஏறும், அதனால் காற்றில்லாத கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்து வரும். கரைத்தால் அமிலம், ஊசி போடும் முன் காரம் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும். எளிதில் கரையும் நியோசால்வர்சான் 1912-ல் வந்த பிறகுதான் கொஞ்சம் நிம்மதி.

அடாக்ஸிலின் அமைப்பைத் திருத்திய எர்லிக், தன் மருந்தின் அமைப்பில் கோட்டை விட்டார் என்பதுதான் வேடிக்கை. இரண்டு ஆர்சனிக் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு என்று அவர் வரைந்ததைப் புத்தகங்கள் பல காலம் அச்சிட்டுக்கொண்டிருந்தன. 2005-ல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் நிறை நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தபோது இரட்டைப் பிணைப்பே இல்லை. ஒற்றைப் பிணைப்பில் மூன்றும் ஐந்துமாக ஆர்சனிக் அணுக்கள் சேர்ந்த வளையங்களின் கலவைதான் இருந்தது. அதற்குள் பென்சிலின் வந்து, சால்வர்சான் வழக்கொழிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.