ஹெரால்டில் ஒரு பணி ஓய்வு

பெருங்களத்தூர் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961இல் ஹெரால்டு காரைச் செய்யத் தொடங்கியபோது, அதன் பெட்ரோல் டேங்க் பின்னால் டிக்கியின் ஓரத்தில் இருந்தது. கார்புரேட்டரோ முன்னால், எஞ்சினோடு ஒட்டி. நடுவே கிட்டத்தட்ட காரின் நீளத்துக்கு ஒரு மெல்லிய குழாய். அந்தக் குழாய் வழியே பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்கு ஏற்றுகிற பொறுப்பு, எஞ்சினின் விலாவில் பொருத்தியிருந்த ஒரு பம்ப்புடையது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். மெக்கானிக்குகளுக்கு அது ஏசி பம்ப். ஹெரால்டின் பானெட் முன் மட்கார்டுகளோடு சேர்ந்து அப்படியே முன்பக்கம் கவிழும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே 948 சிசி எஞ்சினை முழுசாகப் பார்க்கலாம். பம்ப்பைக் கழற்றி மாட்டுவதற்கு இவ்வளவு தோதான கார் நம் ஊரில் வேறு ஓடவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தப் பம்ப் வருவதற்கு முன்னால் கார்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஃபோர்டு மாடல் டி-யில் பம்ப்பே கிடையாது. சீட்டுக்கு அடியில் டேங்க். பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்குப் போகும். செங்குத்தான மேட்டில் எஞ்சின் டேங்கைவிட உயர்ந்துவிட்டால் வழிவது நின்றுவிடும். அதனால் டேங்க் காலியாகிற சமயத்தில் காரைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடு ஏறினார்கள். பிறகு எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தைக் கொண்டே பெட்ரோலை இழுக்கும் தொட்டிகள் வந்தன. நீண்ட ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் அந்த வெற்றிடம் தளர்ந்துபோகும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் தொட்டி வறண்டுவிடும். 1920களின் கடைசியில் அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரத்து ஏசி ஸ்பார்க் பிளக் நிறுவனம் டயாபிரம் என்ற வளையும் சவ்வு வைத்த பம்ப்பைக் கார்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தொல்லைகள் ஓய்ந்தன. அந்த நிறுவனத்தின் பெயரில் இருப்பவை ஆல்பர்ட் சாம்பியனின் முதலெழுத்துகள். அவர் 1899இல் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் வென்ற பிரெஞ்சுக்காரர், 1927இல் இறந்துபோனார். அவர் பெயர் தாங்கிய பம்ப் இங்கிலாந்து வழியாக டிரையம்ஃப் ஹெரால்டுக்கும், அங்கிருந்து நம்மூர் ஹெரால்டுக்கும் வந்து சேர்ந்தது.

நான் சொல்லப்போவது 1967ஆம் வருடத்து ஹெரால்டு ஒன்றின் பம்ப். மயிலாப்பூரில் ஒரு குடும்பத்தின் கார். அப்பா வாங்கியது, இப்போது மகனிடம் இருக்கிறது. அந்தப் பம்ப்பை மெக்கானிக் ஒரு செய்தித்தாள் மேல் பிரித்துப் போட்டபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். மேல் மூடி, அதற்குள் கம்பி வலை, பொத்தான் அளவில் இரண்டு வால்வுகள். கீழ்ப் பாதியில் ஒரு ஸ்பிரிங், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை. இரண்டு பாதிக்கும் நடுவில் வட்டமான டயாபிரம். கேம்ஷாஃப்ட் சுற்றும்போதெல்லாம் அந்தக் கையைத் தள்ளும். கை டயாபிரத்தைக் கீழே இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். கேம் விலகியதும் ஸ்பிரிங் டயாபிரத்தை மேலே தள்ளும். பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் இது 1500 தடவை நடக்கிறது.

இதில் என்னை வியக்கவைப்பது வேறு விஷயம். பெட்ரோலை வெளியே தள்ளுவது எஞ்சின் அல்ல, அந்த ஸ்பிரிங். கார்புரேட்டரின் ஃப்ளோட் நிரம்பி ஊசி வால்வு மூடிக்கொண்டால் ஸ்பிரிங்கால் மேற்கொண்டு தள்ள முடியாது. டயாபிரம் கீழேயே நின்றுவிடும். கை மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். எஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அழுத்தம் ஒன்றரையிலிருந்து இரண்டரை பிஎஸ்ஐ-க்கு மேல் போகாது. வயர் இல்லை, ஃப்யூஸ் இல்லை, சென்சார் இல்லை. எஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றது.

அப்பா காலத்தில் கார் தினமும் அலுவலகம் போய் வந்தது. பம்ப்பும் முகம் சுளிக்காமல் உழைத்தது, சித்திரை வெயில் தவிர. உச்சி வெயிலில் நெரிசலில் நின்று நின்று போகும்போது எஞ்சினின் சூடு பம்ப்பில் ஏறும். இழுக்கிற பக்கத்துக் குழாயில் அழுத்தம் குறைவு என்பதால் பெட்ரோல் அங்கே இன்னும் சுலபமாக ஆவியாகும். பம்ப்புக்கு ஆவியை இழுக்கத் தெரியாது. வண்டி இருமிவிட்டு நிற்கும். பானெட்டைக் கவிழ்த்து, ஈரத் துணியைப் பம்ப்பின் மேல் சுற்றி, மர நிழலில் சற்று நேரம் காத்திருந்தால் மறுபடி கிளம்பும். அந்தத் தலைமுறை ஓட்டுநர்கள் தண்ணீர்ப் புட்டியைத் தங்கள் தாகத்துக்காக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

ஹெரால்டுக்குப் பின் வந்த கேஸல் காரும் 1977இல் நின்றது. உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டையையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையையும் நம்பவேண்டிய காலம் ஆரம்பமாயிற்று. டயாபிரம் கிழிந்தால் ரிப்பேர் கிட் கிடைக்கும். ஆனால் அது யார் செய்தது, என்ன ரப்பர் என்பது விற்கிறவருக்கே தெரியாது. அதற்கு மேல் பெட்ரோலும் மாறியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமாகி, இரண்டே ஆண்டுகளில் பெட்ரோல் பங்க்குகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. எத்தனாலைக் கணக்கில் வைத்துச் செய்யாத ரப்பர் அதில் ஊறினால் உப்பும், விறைக்கும், கடைசியில் வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நாள்கணக்கில் நிற்கும் காரில் அந்த ஈரம் உலோகத்தை அரிக்கும்.

மயிலாப்பூர் கார் இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கார். வாரக்கணக்கில் நிற்பதால் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால்தான் பம்ப் பின்னாலிருந்து இழுத்துக் கொடுக்கும்; அதற்குள் பேட்டரி தளர்ந்துவிடும். பம்ப்பின் அடியில் கையால் அடிக்க ஒரு லீவர் உண்டு, ஆனால் கோவிலுக்குப் புறப்பட்டு நிற்கும் வேட்டியோடு யார் குனிந்து அடிப்பது? இவ்வளவையும் மகன் சகித்துக்கொண்டார். மெக்கானிக் ஒருநாள் டிப் ஸ்டிக்கை உருவி அவரிடம் நீட்டிய பிறகுதான் மனம் மாறினார்.

“மோந்து பாருங்க தம்பி.”

“பெட்ரோல் வாடை அடிக்குதேண்ணே.”

“லெவலும் ஏறியிருக்கு பாருங்க. ஊத்தாம ஆயில் ஏறுதுன்னா வண்டியை எடுக்கக் கூடாது.”

டயாபிரம் வெடித்து, பெட்ரோல் கேம்ஷாஃப்ட் பக்கமாக இறங்கி ஆயிலில் கலந்திருந்தது. நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினால் பேரிங்குகள் போகும். பம்ப் ஐநூறு ரூபாய்ச் சங்கதியாக இருக்கலாம், எஞ்சின் அப்படியல்ல.

இனி எலக்ட்ரிக் பம்ப்தான் என்று முடிவாயிற்று. அந்தப் பேச்சை எடுத்ததும் பழைய கார் பிரியர்களில் சிலர் முகம் கோணுவார்கள், ஏதோ தீட்டுப் பட்டதுபோல. இங்கிலாந்தில் 1948இல் வந்த மாரிஸ் மைனரிலேயே எஸ்யூ நிறுவனத்தின் எலக்ட்ரிக் பம்ப் இருந்தது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும், கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்கும். ஆக இந்த ஹெரால்டுக்கு வந்தது புதுமை ஒன்றுமில்லை. உண்மையான ஆபத்து தவறான பம்ப்பைப் போடுவதில் இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப் 40 பிஎஸ்ஐ-யையும் தாண்டித் தள்ளும். அதைக் கொண்டுவந்து மாட்டினால் கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்காது, பெட்ரோல் வழியும். ஹெரால்டில் கார்புரேட்டருக்குக் கீழேயே சைலன்சருக்குப் போகும் சூடான மேனிஃபோல்டு இருக்கிறது. மேலும் எழுதத் தேவையில்லை.

மகன் வாங்கியது இரண்டரை பிஎஸ்ஐ-க்குள் நிற்கும் சின்னப் பம்ப். எலக்ட்ரிக் பம்ப் நன்றாகத் தள்ளும், இழுப்பதில் சோம்பேறி. அதனால் எஞ்சினிடம் வைக்காமல் பின்னால், டேங்குக்குக் கீழ்மட்டத்தில், சேஸிஸில் ரப்பர் புஷ் கொடுத்துப் பொருத்தினார்கள். முன்னால் ஃபில்டர். எத்தனால் தாங்கும் புது ட்யூப், புது கிளிப். குழாயில் இப்போது உறிஞ்சல் இல்லை, தள்ளல்தான். சித்திரை மாதப் பிணிக்கும் பாதி மருந்து அதிலேயே கிடைத்துவிட்டது. ஒரே இடத்தில் மெக்கானிக் வேலையை நிறுத்தி மீட்டரை எடுத்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். தெரியாமல் வயரை மாற்றிக் கொடுத்தால் எலக்ட்ரானிக் பம்ப் அந்த நொடியே புகைந்துவிடும். இந்தக் காரில் யாரோ எப்போதோ நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருந்தார்கள். அதை உறுதி செய்துகொண்டபிறகே ரிலேயும் தனி ஃப்யூஸும் வைத்து வயர் இழுத்தார்.

பழைய பம்ப் இருந்த இடத்தில் எஞ்சினுக்கு ஒரு துளை. அதைப் பேக்கிங் வைத்து ஒரு தகட்டால் மூடவேண்டும், இல்லையென்றால் ஆயில் கொட்டும். லேத் பட்டறையில் அரைமணி நேர வேலை.

ஆனால் பழைய பம்ப் தானாகவே செய்துவந்த ஒன்றைப் புதியதற்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது: நிற்பது. கார் எதிலாவது மோதி எஞ்சின் அணைந்தாலும் சாவி ஆன் நிலையில் இருக்கும். எலக்ட்ரிக் பம்ப் அறுந்த குழாய் வழியே பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதற்காக ஆயில் பிரஷர் இருந்தால் மட்டும் கரன்ட் போகும்படி ஒரு சுவிட்ச், இடி பட்டால் கரன்டைத் துண்டிக்க இன்னொரு சுவிட்ச். ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் பிரஷர் இருக்காது என்பதால், செல்ஃப் அடிக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு குறுக்குவழி. இந்த வேலைக்கு ஆன செலவு பம்ப்பின் விலையைவிட அதிகம். “எதுக்குண்ணே இவ்வளவு?” என்று மகன் கேட்டார். மெக்கானிக் பதில் சொல்லாமல் வயரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த ஹெரால்டு மூன்று வாரம் நின்றாலும் செல்ஃப் கொஞ்சம் அடித்ததும் கிளம்பிவிடுகிறது. ஏசி பம்ப்பைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. கழுவித் துடைத்து, ஆயில் தடவி, அதன் நட்டுகளோடு ஒரு டப்பாவில் டிக்கியிலேயே வைத்திருக்கிறார்கள். எத்தனால் தாங்கும் டயாபிரம் கிடைத்தால் அரை நாளில் திரும்ப ஏற்றிவிடலாம்; காரில் எங்கேயும் புதிதாக வெட்டவோ வெல்டு வைக்கவோ இல்லை.

உங்கள் பழைய காரில் இந்த மாற்றத்தைச் செய்வதாக இருந்தால் பம்ப்பின் விலையைக் கேட்பதற்கு முன் அதன் பிஎஸ்ஐ-யைக் கேளுங்கள். பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் தேவையில்லை என்று சொல்கிற மெக்கானிக்கிடம் காரை விடாதீர்கள்.