தர்மாஸ்பத்திரி இல்லைங்கய்யா!

1/ செஞ்சி சுற்றுவட்டாரக் கிராமங்கள்ல இருந்து வர்ற பெரியவங்க பலரும் அரசு மருத்துவமனையை இன்னும் "தர்மாஸ்பத்திரி"ன்னுதான் சொல்றாங்க. மாத்திரை வாங்கிட்டு கையெடுத்துக் கும்பிடுறாங்க. எனக்குக் கூச்சமா இருக்கும். இது ஏன் தர்மம் இல்லைங்கறதுக்கு 100 வருஷத்துக்கு முந்தைய ஒரு அரசியல் கதை இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ செஞ்சின்னா தேசிங்கு ராஜாவை எல்லாருக்கும் தெரியும். சென்னை மாகாணத்தோட முதல் 'முதல் மந்திரி' யாரு? ராஜாஜின்னு நினைச்சா தப்பு. அ. சுப்பராயலு ரெட்டியார். செஞ்சி அன்னிக்கு எந்த மாவட்டத்துல இருந்துச்சோ, அதே தென்னார்க்காட்டுக்காரர். பதவியேற்றது 1920 டிசம்பர் 17.

3/ அந்தப் பதவி வந்தது 1919 சட்டத்தால். பேரு இரட்டை ஆட்சி. நிதி, போலீஸ், நிலவரி எல்லாம் கவர்னர் தரப்பிடம். கல்வி, மருத்துவம், சுகாதாரம், உள்ளாட்சி மட்டும் மக்கள் பிரதிநிதிகளான மந்திரிகளிடம். அதாவது, செலவு பிடிக்கிற துறைகள் நம்ம ஆளுங்க கையில. பெட்டிச்சாவி அவங்க கையில!

4/ ஆட்சிக்கு வந்தது 1916இல் தொடங்கிய நீதிக்கட்சி. அதன் மூன்று முக்கியத் தலைவர்களில் இருவர் டாக்டர்கள்: டி.எம். நாயர், நடேசனார். மூன்றாமவர் பிட்டி தியாகராயர். நாயர் தேர்தலைப் பார்க்கவில்லை. 1919இல் லண்டனில் இறந்துவிட்டார்.

5/ 1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. 98 இடங்களில் நீதிக்கட்சிக்கு 63. கவர்னர் வெலிங்டன் முதலில் அழைத்தது தியாகராயரை. அவர் மறுத்ததால் சுப்பராயலு வந்தார். மாகாண மக்கள்தொகை 4 கோடிக்கு மேல். வாக்காளர்கள் சுமார் 12.5 லட்சம்தான். சொத்தோ வரியோ இல்லாதவங்களுக்கு ஓட்டு இல்லை. என் நோயாளிகளோட தாத்தாக்கள்ல எத்தனை பேருக்கு ஓட்டு இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

6/ சுப்பராயலு ஆட்சி ஏழு மாசம் கூட நீடிக்கலை. உடல்நலக் குறைவால் 1921 ஜூலையில் விலகினார்; நவம்பரில் காலமானார். அடுத்து பனகல் அரசர். இவர் காலத்தில்தான் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. இன்னிக்கு கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது அந்த இடத்துலதான்.

7/ சுப்பராயலுவின் அந்தச் சில மாசத்துல ஒரு பெரிய விஷயம் நடந்துச்சு. 1921 ஏப்ரலில் பெண்களுக்கு ஓட்டுரிமை. மாகாணங்களில் சென்னைதான் முதல். சொத்து நிபந்தனை ஆண்களைப் போலவே இருந்தது, உண்மைதான். ஆனா ஐரோப்பாவுல பெல்ஜியத்தைப் பாருங்க: 1919லேயே ஆண்கள் எல்லாருக்கும் சம ஓட்டு, பெண்கள் எல்லாருக்கும் நாடாளுமன்ற ஓட்டு கிடைச்சது 1948இல்.

8/ 1923 நவம்பரில் பனகல் அரசர் மந்திரிசபை மேல் சி.ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார். ஆதரவு 44, எதிர்ப்பு 65. மந்திரிசபை பிழைச்சது. ஆனா "எங்ககிட்ட பதில் சொல்லு, இல்லைன்னா இறங்கு"ன்னு சபையில் மந்திரிகளைக் கேட்க முடியும்னு ஆகிப்போச்சு. கவர்னரோட ஆட்களை அப்படி இறக்க முடியாது.

9/ 1926இல் நீதிக்கட்சி தோத்துச்சு: 21 இடம். சுயராஜ்யக் கட்சிக்கு 41, ஆனா பதவி வேண்டாம்னுட்டாங்க. சுயேச்சையான டாக்டர் ப. சுப்பராயன் முதல் மந்திரி ஆனார் (ஊசி போடுற டாக்டர் இல்லை, பட்டம் வாங்கின டாக்டர்!). ஊசி போடுற டாக்டரும் அந்தச் சபையில் இருந்தார்: முத்துலட்சுமி ரெட்டி, சபையின் துணைத் தலைவராக.

10/ இந்த மந்திரிசபைகள்ல குறை ஏராளம். ஜமீன்தார்கள் ஆதிக்கம், கோஷ்டிச் சண்டை, கையில் காசில்லாத அதிகாரம். ஆனா ஆஸ்பத்திரிங்கறது துரை மனசு வெச்சுக் கொடுக்கிற பிச்சை இல்லை, ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒருத்தரோட பொறுப்புன்னு முதல்ல ஆனது அப்பதான். அன்னிக்கு அந்த ஓட்டு சிலருக்கு. 1952 பொதுத்தேர்தலில் 21 வயசான எல்லாருக்கும்.

11/ அதனால, ஓ.பி.ல மருந்து இல்லைன்னா ஏன் இல்லைன்னு கேளுங்க. டாக்டர் சீட்ல இல்லைன்னாலும் கேளுங்க. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். கும்பிட வேண்டாங்கய்யா.