கோடெலின் நிரூபணம்

கோடெலின் நிரூபணம் (கோடெல்ஸ் ப்ரூஃப்), எர்னஸ்ட் நேகலும் ஜேம்ஸ் ஆர். நியூமனும் சேர்ந்து எழுதிய ஆங்கிலச் சிறுநூல். நியூயார்க் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1958இல் வெளியிட்டது. குர்ட் கோடெல் தம் 25ஆம் வயதில், 1931இல் வெளியிட்ட முழுமையின்மைத் தேற்றங்களைக் கணிதப் பயிற்சி இல்லாதவருக்கும் விளக்குவது இதன் நோக்கம். நூற்றுச் சொச்சம் பக்கங்களே உள்ள இந்நூல், கணிதத் தருக்கத்தைப் பொது வாசகரிடம் கொண்டுசேர்த்த நூல்களில் முதல் வரிசையில் நிற்கிறது.

நேகல் (1901–1985) கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியர். அறிவியல் மெய்யியலில் பெயர் பெற்றவர். நியூமன் (1907–1966) கணிதம் கற்ற வழக்கறிஞர். ‘கணித உலகம்’ என்ற நான்கு தொகுதிப் பெருந்திரட்டை 1956இல் பதிப்பித்தவர் அவரே. அதே ஆண்டு ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் இருவரும் எழுதிய கட்டுரையே விரிந்து நூலாயிற்று. கோடெலின் மூலக் கட்டுரையையும் மொழிபெயர்த்து இணைக்க விரும்பினர். கோடெல் விதித்த நிபந்தனைகளில் உடன்பாடு எட்டாததால் அது கைகூடவில்லை. நூல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலுக்குக் காணிக்கையாக்கப்பட்டுள்ளது. கோடெல் ஆராய்ந்தது ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய ‘பிரின்சிப்பியா மாத்தமாட்டிக்கா’வையும் அதையொத்த ஒழுங்கமைப்புகளையும் என்பதால் அது பொருத்தமே.

முதல் அத்தியாயங்கள் யூக்ளிடின் இணைகோட்டுச் சிக்கலில் தொடங்கி, கணிதவியலர் ஹில்பர்ட்டின் திட்டத்துக்கு வருகின்றன. கணிதத்தின் அடிகோள்களிலிருந்து ஒன்றுக்கொன்று முரணான இரு முடிவுகள் ஒருநாளும் பிறக்கமாட்டா என்பதை, ஐயத்துக்கு இடமில்லாத எளிய வழிகளால் நிறுவிக்காட்ட வேண்டும் என்பதே ஹில்பர்ட் முன்வைத்த கோரிக்கை. அது நிறைவேறக்கூடியதுதான் என்பதை ஐந்தாம் அத்தியாயம் கூற்றுத் தருக்கம் என்ற சிறிய களத்தில் செய்தே காட்டுகிறது. முரண்பாடு புகுந்த ஒழுங்கமைப்பில் எதை வேண்டுமானாலும் நிறுவிவிடலாம். எனவே நிறுவ முடியாத ஒரே ஒரு சூத்திரத்தைக் காட்டிவிட்டால் முரணின்மை உறுதியாகிவிடும். கூற்றுத் தருக்கத்தின் அடிகோள்கள் எல்லாச் சூழலிலும் மெய்யாகின்றன. அனுமான விதிகள் அந்தப் பண்பை அடுத்தடுத்த சூத்திரங்களுக்குக் கைமாற்றுகின்றன. ‘ப அல்லது க’ என்ற சூத்திரமோ இரண்டும் பொய்யாகும்போது பொய்யாகிவிடும். ஆகவே அது அங்கே ஒருபோதும் தேற்றமாக வராது. இந்தச் சில பக்கங்களின் அழகுக்காகவே நூலைப் படிக்கலாம்.

அடுத்து வருவது கோடெலின் எண்ணிடும் முறை. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரப்படுகிறது: சுழியத்துக்கு 6, சமக்குறிக்கு 5. ‘0=0’ என்ற சூத்திரத்தில் மூன்று குறிகள் உள்ளதால், முதல் மூன்று பகா எண்களான 2, 3, 5 ஆகியவற்றை முறையே 6, 5, 6 என்ற அடுக்குகளுக்கு உயர்த்திப் பெருக்கினால் 24,30,00,000 கிடைக்கும். இந்த எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் அதே சூத்திரம் திரும்பக் கிடைக்கும். மறுப்புக் குறியின் எண் 1. எனவே ‘இச்சூத்திரம் மறுப்புக் குறியில் தொடங்குகிறது’ என்ற கூற்று, ‘இந்த எண் 2ஆல் வகுபடும், 4ஆல் வகுபடாது’ என்ற எண்கணிதக் கூற்றாக மாறிவிடுகிறது. கணிதத்தைப் பற்றிய பேச்சு கணிதத்துக்குள்ளேயே நுழையும் இடம் இதுதான். இதைப் பிடித்துக்கொண்டவருக்கு, ‘இச்சூத்திரம் நிறுவத்தக்கதன்று’ என்று தன்னைப் பற்றியே கூறும் சூத்திரத்தைக் கோடெல் எப்படி அமைத்தார் என்பது மாயமாகத் தோன்றாது. ஒழுங்கமைப்பு முரணற்றதானால் அந்தச் சூத்திரத்தை அதற்குள் நிறுவ முடியாது. ஆனால் அது மெய். தன் முரணின்மையையும் அந்த ஒழுங்கமைப்பு தன் வழிகளால் நிறுவ இயலாது.

எண்கணிதத்தின் முரணின்மையை எவ்வகையிலும் நிறுவவே முடியாது என்று இதற்குப் பொருளல்ல. ஹில்பர்ட் மரபைச் சேர்ந்த கென்ட்சன் 1936இல், அந்த ஒழுங்கமைப்புக்கு அப்பாற்பட்ட வழிகளைக் கொண்டு அதை நிறுவினார். கோடெலின் பெயரால் பரப்பப்படும் மிகைக்கூற்றுகளுக்கு எதிராக நூல் இதைத் தெளிவாகச் சொல்வது பெரும் நன்மை.

இறுதி அத்தியாயம் அந்த உறுதியோடு நிற்கவில்லை. விதிகளால் இயங்கும் கணிப்பொறியை மனித அறிவு விஞ்சும் என்பதற்கு ஆசிரியர்கள் கோடெல் தேற்றத்தைச் சான்றாகக் காட்டுகின்றனர். மெய்யியலாளர் ஹிலரி பட்னம் 1960இல் எழுதிய மதிப்புரையில் இதை மறுத்தார். ஒரு பொறியின் முரணின்மை தெரிந்தாலன்றி அதன் கோடெல் சூத்திரம் மெய் என்று மனிதராலும் சொல்ல இயலாது என்னும் அவரது வாதமே வலுவானது.

இளம்பருவத்தில் இந்நூலைப் படித்து ஈர்க்கப்பட்ட டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் 1979இல் ‘கோடெல், எஷர், பாக்’ என்ற பெருநூலை எழுதிப் புலிட்சர் பரிசு பெற்றார். பின்னர் நேகல்–நியூமன் நூலைத் தாமே திருத்தி, முன்னுரையுடன் 2001இல் பதிப்பித்தார். மனிதரையும் பொறியையும் பற்றிய முடிவில் தாம் மாறுபடுவதையும் அம்முன்னுரையில் குறிப்பிட்டார். புதிதாகப் படிப்போர் இந்தத் திருத்திய பதிப்பையே தேர்ந்துகொள்ள வேண்டும். ஏழாம் அத்தியாயத்தைத் தாளும் பேனாவும் கையில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.